சாவா மூவா சர்வர்

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். கீழ்பென்னாத்தூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அம்மா மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். அக்கா பையன் மெதுவாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். இப்படிப் பூனை மாதிரி வந்தால் ஏதோ வேண்டுமென்று அர்த்தம்.

"மாமா, ஒரு கேமுக்கு மெம்பர்ஷிப் போட்டுத் தரியா? ஒரு வருஷத்துக்குச் சேத்து கட்டுனா கம்மி."

என்ன கேம் என்று கேட்டேன். ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 2007இல், பதினொன்றாம் வகுப்பு படிக்கும்போது, திருவண்ணாமலையில் ஒரு பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து நான் ஆடிய அதே விளையாட்டு. டியூஷனுக்குப் போகிறேன் என்று பஸ் ஏறி, அதற்குத்தான் போவேன்.

அம்மா கையை நிறுத்தாமல் கேட்டாள். "யாருடா அவனுங்க? ஒரு வருஷக் காச முன்னாடியே வாங்கிக்கிறவனுங்க? இதுக்கு முன்ன யாருக்காவது ஒழுங்கா குடுத்திருக்கானுங்களா?"

சாதாரணக் கேள்விதான். ஆனால் அம்மா கேட்டதால் எனக்குச் சுருக்கென்றது. சில வருடங்களுக்கு முன் ஒரு தீபாவளிச் சீட்டில் சேரும் முன்பும் அம்மா இதையேதான் விசாரித்தாள். மாதாமாதம் கட்டினால் தீபாவளிக்கு மளிகை, பாத்திரம், ஒரு துண்டுத் தங்கம். பக்கத்துத் தெருக்காரர்களிடம் கேட்டுப் பார்த்தாள். போன வருஷம் ஒழுங்காகக் கொடுத்தானாம், அதற்கு முந்தின வருஷமும் கொடுத்தானாம். நம்பிக் கட்டினாள். முதல் வருஷம் எல்லாம் வந்தது. இரண்டாம் வருஷம் தனக்கும் அக்காவுக்கும் சேர்த்து மூன்று சீட்டு போட்டாள். அந்தத் தீபாவளிக்குக் கடை பூட்டிக் கிடந்தது.

அம்மா கேட்ட கேள்வியில் தப்பில்லை. கிடைத்த பதிலும் பொய்யில்லை. அப்புறம் எங்கே தப்பு நடந்தது? அக்கா பையனுக்குப் பதில் சொல்ல யோசித்தபோது, இந்த விளையாட்டின் இருபத்தைந்து வருட வரலாறே இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் ஓடியிருக்கிறது என்று தோன்றியது.

*

ரூன்ஸ்கேப் 2001 ஜனவரி 4 அன்று திறக்கப்பட்டது. எழுதியவர் ஆண்ட்ரூ கோவர், அப்போது கேம்பிரிட்ஜ் மாணவர். கூடவே தம்பி பால் கோவர். பின்னால் ஜாகெக்ஸ் என்ற நிறுவனம் அதை நடத்தியது. ஜாவாவில் எழுதப்பட்டதால் அப்போது பிரவுசரிலேயே ஓடும். சிடி வேண்டாம், இன்ஸ்டால் வேண்டாம், நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வேண்டாம். திருவண்ணாமலை மாதிரி ஊர்களின் பிரவுசிங் சென்டர்களுக்குள் அது நுழைந்ததற்குக் காரணம் இவ்வளவுதான். பெரிய விளையாட்டுகளையெல்லாம் வாங்க எங்களிடம் காசும் இல்லை, ஓட்ட மெஷினும் இல்லை.

ஆட்டத்தில் ஜெயிக்க என்று ஒன்றும் கிடையாது. மரம் வெட்டலாம், மீன் பிடிக்கலாம், இரும்பு உருக்கலாம், சண்டை போடலாம். ஒவ்வொரு திறமைக்கும் அப்போது உச்சம் 99ஆம் நிலை. அதைத் தொட நூற்றுக்கணக்கான மணி நேரம் ஆகும். வெட்டிய மரமெல்லாம் யாரோ ஒருவருடைய சர்வரில் ஒரு எண்ணாகத்தான் இருக்கும். அந்த எண்ணை நாளைக்கு மாற்ற மாட்டார்கள், விதியைத் திருத்தி அதைச் செல்லாக்காசாக்க மாட்டார்கள், சர்வரையே அணைக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் ஒருவன் வாரக்கணக்கில் உட்கார்ந்து கிளிக் செய்கிறான். சதுரங்கத்தில் தோற்றால் பலகையை மடித்து வைத்துவிட்டுப் போகலாம். இங்கே பலகை அடுத்தவன் வீட்டில் இருக்கிறது.

நம்பிக்கை பற்றிய முதல் பாடம் எனக்கு நிறுவனத்திடமிருந்து வரவில்லை. சக ஆட்டக்காரன் ஒருவனிடமிருந்து வந்தது. வாராக் என்ற நகரத்தில் வங்கி வாசலில் ஒருவன் கத்திக்கொண்டே நிற்பான்: காசு கொடு, இரட்டிப்பாகத் தருகிறேன். ஆயிரம் கொடுத்தேன், இரண்டாயிரம் வந்தது. ஐயாயிரம் கொடுத்தேன், பத்தாயிரம் வந்தது. மூன்று மாதமாகச் சேர்த்திருந்த மொத்தத்தையும் கொடுத்தேன். ஆள் லாக்அவுட். முகம் தெரியாத ஒருவன், எந்த நாட்டுக்காரனோ. பஸ்ஸில் திரும்பி வரும்போது வீட்டில் யாரிடம் சொல்வது என்றுகூடத் தெரியவில்லை. இல்லாத காசு போனதற்கு அழுதால் என்ன சொல்வார்கள்?

பல வருடம் கழித்து அம்மாவின் சீட்டுக்கடை பூட்டப்பட்டபோதுதான் விளங்கியது, இரண்டும் ஒரே வித்தை. முன்பு ஒழுங்காகக் கொடுத்தது ஏமாற்றுக்காரனுக்குச் செலவு கிடையாது, முதலீடு. ஒருவனுடைய பழைய நல்ல நடத்தையை மட்டும் வைத்து அளந்தால், பெரிய ஏமாற்றுக்காரன்தான் ரொம்ப நல்லவனாகத் தெரிவான்.

*

2007 டிசம்பர் 10. ரூன்ஸ்கேப் ஆடியவர்களில் பலருக்குத் தங்கள் பிறந்தநாளைப் போல நினைவிருக்கும் தேதி.

விளையாட்டுக் காசை நிஜக் காசுக்கு விற்கும் ஒரு வியாபாரம் அப்போது பெரிதாக வளர்ந்திருந்தது. அதை நடத்தியவர்களில் பலர் திருட்டு கிரெடிட் கார்டுகளில் உறுப்பினர் கட்டணம் கட்டினார்கள். கார்டின் சொந்தக்காரர் வங்கியில் புகார் கொடுத்தால் பணத்தைத் திருப்பித் தர வேண்டியது ஜாகெக்ஸ். இதை நிறுத்த அவர்கள் மருந்தைக் கொஞ்சமாகக் கொடுக்கவில்லை. இரண்டு ஆட்டக்காரர்களுக்கு இடையே சமமில்லாத பண்டமாற்று 2008 ஜனவரியில் தடை செய்யப்பட்டது. ஒருவர் மற்றவருக்கு இலவசமாக எதையும் தர முடியாது, பெயருக்குச் சிறு தொகையைத் தவிர. வைல்டர்னஸ் என்ற ஆளில்லாக் காட்டில் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு தோற்றவனின் பொருளை அள்ளும் பழைய வழக்கமும் போனது.

எனக்கு அதில் பெரிய நஷ்டமில்லை. சொல்லப்போனால், இரட்டிப்புக்காரன் தொழில் படுத்துவிட்டதே என்று உள்ளூரச் சந்தோஷம்தான். ஆனால் பக்கத்து சிஸ்டத்தில் உட்காரும் ஒரு அண்ணன், காலேஜ் படிப்பவர், வைல்டர்னஸ் சண்டைக்காகவே ஆடியவர். அன்றைக்கு ஒரு மணி நேரத்துக்குக் காசு கட்டிவிட்டு, ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கேட்டதற்கு, "திருடன் வந்தான்னு ஊரையே காலி பண்ணச் சொல்றானுங்கடா" என்றார். அதற்கப்புறம் அவரை அந்த சென்டரில் நான் அதிகம் பார்த்ததில்லை.

நிறுவனத்தின் பக்கம் நியாயம் இருந்தது என்பதை இப்போதும் மறுக்க மாட்டேன். மோசடியால் கம்பெனியே மூழ்கினால் யாருக்கும் விளையாட்டு இருக்காது. ஆனால் ஆட்டக்காரர்கள் அன்றைக்குத் தெரிந்துகொண்டது வேறு. ஆறேழு வருடம் மாறாமல் இருந்த ஒரு விதி, ஒரே காலையில், அவர்களைக் கேட்காமல் மாறலாம்.

மூன்று வருடம் கழித்து ஜாகெக்ஸ் அவர்களைக் கேட்டது. 2010 டிசம்பரில் தொடங்கிய வாக்கெடுப்பில் பன்னிரண்டு லட்சத்துக்கும் மேல் ஓட்டு விழுந்தது. 91 சதவீதம் பேர் பழைய காடும் பழைய பண்டமாற்றும் வேண்டும் என்றார்கள். 2011 பிப்ரவரி 1 அன்று இரண்டும் திரும்பி வந்தன.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நல்ல கதை. அடுத்த வருடமே, 2012இல், சுழற்றினால் பரிசு விழும் ஒரு சக்கரம் விளையாட்டுக்குள் வந்தது. அந்தச் சுற்றுகள் அதே வருடம் காசுக்கும் விற்கப்பட்டன. விளையாட்டுக்குள் நிஜக் காசு நுழையக்கூடாது என்றுதானே 2007இல் அத்தனை பேரின் கையைக் கட்டினார்கள்? இப்போது அந்தக் கதவை நிறுவனமே திறந்து டிக்கெட் கிழிக்கிறது. நவம்பரில் சண்டை முறை முழுக்க மாற்றப்பட்டது. கூட்டம் கூட்டமாக ஆட்கள் வெளியேறினார்கள்.

*

பிறகு நடந்ததைத்தான் ஒரு சாஃப்ட்வேர் ஆளாக நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். நிறுவனத்தின் பழைய சேமிப்பில் 2007 ஆகஸ்ட் மாதத்து பேக்அப் ஒன்று இருந்தது. அந்தக் கறுப்பு டிசம்பருக்கு நான்கு மாதம் முந்தைய உலகம், அப்படியே. அதைத் தனி விளையாட்டாகத் திறக்கட்டுமா என்று 2013 பிப்ரவரியில் ஓட்டு கேட்டார்கள். சுமார் நாலரை லட்சம் ஓட்டு. 2013 பிப்ரவரி 22 அன்று ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் திறந்தது.

அதில் ஒரு விதி வைத்தார்கள். புதிதாக எதைச் சேர்ப்பதானாலும் ஆட்டக்காரர்களிடம் ஓட்டுக்கு விட வேண்டும். 75 சதவீதம் 'சரி' சொன்னால்தான் அது விளையாட்டுக்குள் வரும். 74 என்றால் குப்பைக்கூடை. மாதக்கணக்கில் உழைத்து வடிவமைத்த திட்டங்கள் இப்படிக் குப்பைக்குப் போயிருக்கின்றன. புதுத் திறமை ஒன்றைச் சேர்க்கும் யோசனையே பல வருடம் திரும்பத் திரும்பத் தோற்றது.

இதை ஆபீஸில் சொன்னால் எங்கள் ப்ராடக்ட் மேனேஜர் மயங்கி விழுவார். என்ன செய்ய வேண்டும் என்று யூசர் ஓட்டுப் போட்டுத் தீர்மானிப்பதா? ஆனால் 2013க்குப் பிறகு அசல் ரூன்ஸ்கேப் தேய்ந்தது, பழைய பேக்அப்பிலிருந்து வந்த தம்பி அண்ணனைத் தாண்டி வளர்ந்தான். அதே கம்பெனி, அதே முதலாளிகள். ஒன்றில் 'எங்களை நம்புங்கள்' என்றார்கள். இன்னொன்றில் நம்ப வேண்டிய அளவையே குறைத்தார்கள்.

அந்த விதியும் கல்லில் எழுதியது கிடையாது. 2022இல் 75ஐ 70 ஆக்கினார்கள். அடுத்த வருடம் கடலோடும் திறமை ஓட்டுக்கு வந்து 72க்கு அருகில் வாங்கித் தேறியது. பழைய விதி இருந்திருந்தால் தோற்றிருக்கும். 2025 நவம்பரில் அது விளையாட்டுக்குள் வந்தது. அக்கா பையன் மெம்பர்ஷிப் கேட்டதே அந்தக் கப்பலில் ஏறத்தான்.

*

அப்படியானால் நிறுவனத்தை விட்டுவிட்டு ஆளை நம்பலாமா? அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள்.

ஆண்ட்ரூ கோவர் 2010 வாக்கில் ஜாகெக்ஸை விட்டு விலகினார். பல வருட அமைதிக்குப் பிறகு, 2024 நவம்பரில் பிரைட்டர் ஷோர்ஸ் என்ற புது ஆன்லைன் விளையாட்டை வெளியிட்டார். அறிவிப்பு வந்ததும் பழைய ஆட்டக்காரர்கள் அந்தப் பெயரைப் பார்த்தே கூடினார்கள். வந்தவர்களில் பலர் தங்கவில்லை, பாராட்டும் ஏமாற்றமும் கலந்துதான் இருந்தது. கோவர் யாரையும் ஏமாற்றவில்லை. 2001இல் இருபதுகளில் இருந்த ஒருவர் செய்த மந்திரத்தை அதே கை மறுபடி செய்யும் என்று நினைத்தது நாம்தான்.

கிறிஸ் ராபர்ட்ஸ் கதை இன்னும் பெரிது. 1990இல் விங் கமாண்டர் செய்து புகழ் பெற்றவர். அந்தப் பெயரை நம்பி 2012இல் ஸ்டார் சிட்டிசன் என்ற விளையாட்டுக்கு மக்கள் பணம் போட ஆரம்பித்தார்கள். 2014இல் வரும் என்றார்கள். திரண்ட பணம் 70 கோடி டாலரைத் தாண்டிவிட்டது, முழுமையான வெளியீடு இன்னும் வரவில்லை.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு சாட்சி உண்டு. ஸ்கொயர் எனிக்ஸின் ஃபைனல் ஃபேன்டஸி 14. அந்த வரிசை விளையாட்டுகளின் பெருமையைச் சுமந்துகொண்டு 2010 செப்டம்பரில் வந்து மண்ணைக் கவ்வியது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. மாதக் கட்டணம் வாங்குவதை ஒரு வருடத்துக்கும் மேல் நிறுத்தி வைத்தது. நவோகி யோஷிதா பொறுப்பேற்று, என்ன உடைந்திருக்கிறது, எப்போது சரியாகும் என்று ஆட்டக்காரர்களுக்குக் கடிதம் கடிதமாக எழுதினார். 2012 நவம்பரில் பழைய உலகத்தை அதன் வானத்திலிருந்து ஒரு நிலவை விழவைத்து அழித்தார்கள். 2013 ஆகஸ்டில் புது உலகம் திறந்தது, இன்றும் ஓடுகிறது. இருபது வருடப் பெருமை அவர்களை 2010இல் காப்பாற்றவில்லை. தோற்றபின் கட்டணத்தை நிறுத்திவிட்டு எல்லோர் கண் முன்னாலும் வேலை செய்த அந்த மூன்று வருடம் காப்பாற்றியது.

*

இந்த இடத்தில் எனக்கு எங்கள் ஊர்ப் பக்கத்துக் கோயில் சுவர் நினைவுக்கு வருகிறது. அண்ணாமலையார் கோயிலில் சின்ன வயதில் வரிசையில் நிற்கும்போது சுவரெல்லாம் எழுத்து எழுத்தாக இருக்கும். ஏதோ மந்திரம் என்று நினைத்திருந்தேன். அவற்றில் பெரும்பாலானவை ஒப்பந்தங்கள், நிலமும் பொன்னும் ஆடுமாடும் கொடுத்த கணக்குகள் என்று ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது.

சோழர் காலக் கல்வெட்டுகளில் அடிக்கடி வரும் தானம் ஒன்று உண்டு, நந்தா விளக்கு. அணையாமல் எரியும் விளக்கு. அதற்கு வழக்கமாக 96 ஆடு கொடுப்பார்கள். ஆடுகளை இடையர் ஒருவர் பொறுப்பேற்று, தினமும் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். இந்த ஆடுகளுக்குக் கல்வெட்டு சொல்லும் பெயர் 'சாவா மூவாப் பேராடு'. சாகாத, கிழடு தட்டாத ஆடு. ஆடு சாகும் என்று கல் வெட்டியவருக்குத் தெரியாதா? தெரியும். செத்தால் குட்டி அதன் இடத்துக்கு வரும், மந்தையின் எண்ணிக்கை 96ஐ விட்டுக் குறையக்கூடாது. சாகாதது ஆடு கிடையாது, கணக்கு. இதையே நாங்கள் இன்று சர்வர் அப்டைம் என்கிறோம். ஒரு மெஷின் செத்தால் இன்னொரு மெஷின், சேவை மட்டும் நிற்கக்கூடாது.

அந்த ஏற்பாட்டில் யாரும் இடையரின் நல்ல மனசை மட்டும் நம்பவில்லை. எத்தனை ஆடு, எவ்வளவு நெய், யார் பொறுப்பு எல்லாம் போகிற வருகிறவர் பார்க்கும் சுவரில் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இடையர்களுக்குப் பிணையாக நின்ற உறவினர் பெயர்கள்கூட உண்டு. பேக்அப்பும் உண்டு. திருமழபாடியில் கோயிலைப் பிரித்துக் கட்ட முதலாம் ராஜராஜன் உத்தரவிட்டபோது, சுவரை இடிக்கும் முன் பழைய கல்வெட்டுகளைப் படி எடுத்து வைத்தார்கள். புதுச் சுவர் எழும்பியபின் ராஜேந்திரன் காலத்தில் அவை மறுபடி வெட்டப்பட்டன. சுவர் போனாலும் வாக்கு போகவில்லை.

பல கல்வெட்டுகளின் கடைசியில் ஒரு வேண்டுதல் இருக்கும். இந்தத் தர்மத்தைக் காப்பவன் பாதம் என் தலைமேல் என்று தானம் கொடுத்தவர் சொல்வார். சில சமயம் ராஜாவே சொல்வார். தனக்குப் பிறகு யார் வரப்போகிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. வருபவனைக் கட்டுப்படுத்தவும் முடியாது. அதனால் முன்பின் தெரியாத அந்த ஆளின் காலில் முன்கூட்டியே விழுகிறார்.

ஜாகெக்ஸ் வரலாற்றில் இந்த 'பின்னால் வருபவன்' பல தடவை வந்துவிட்டான். 2016இல் ஒரு சீன நிறுவனம் வாங்கியது. 2021இல் அமெரிக்காவின் கார்லைல். 2024இல் சிவிசி என்ற முதலீட்டு நிறுவனமும் ஹாவேலி என்ற இன்னொன்றும் சேர்ந்து. ஒவ்வொரு கைமாறலின்போதும் ஆட்டக்காரர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். 2025 ஜனவரியில், குறைந்த கட்டண உறுப்பினர்களுக்கு விளம்பரம் காட்டுவது உட்பட சில யோசனைகளோடு ஒரு கருத்துக்கணிப்பு வெளியானது. எதிர்ப்புக் கிளம்பி, நிறுவனத் தலைவர் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. அதே வருட நவம்பரில் அசல் ரூன்ஸ்கேப்பில், 2012இல் நுழைந்த அந்தச் சக்கரத்தின் வாரிசை நீக்குவதற்கு ஓட்டு வைத்தார்கள். ஒரு லட்சம் ஓட்டு வேண்டும் என்றார்கள். விழுந்தது. அந்தக் கதவை மூட பதின்மூன்று வருடம்.

*

நான் இதையெல்லாம் வெளியிலிருந்து நின்று பேசவில்லை. முன்பு நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் சின்ன ஆப் ஒன்று நடத்தினோம். ஒரு தடவை காசு கட்டினால் ஆயுளுக்கும் சேவை என்று விற்றோம். கம்பெனி கைமாறியது. புது முதலாளிகளுக்கு அந்த ஆப் தேவைப்படவில்லை. மூடச் சொன்னார்கள். தொண்ணூறு நாள் அவகாசம் கொடுத்து ஒரு அறிவிப்பு, அதன்பின் டேட்டா அழிக்கப்படும். அழிக்கும் ஸ்க்ரிப்டை எழுதியது நான். நல்ல ஸ்க்ரிப்ட், ஒரு பிழையும் இல்லாமல் ஓடி முடித்தது.

அடுத்த வாரம் ஒரு வாடிக்கையாளரிடமிருந்து மெயில் வந்தது. திட்டவில்லை. 'லைஃப்டைம் என்று சொன்னீர்களே, யாருடைய லைஃப்?' என்று மட்டும் கேட்டிருந்தார். டீமில் எல்லோரும் படித்தோம். பதில் எழுத யாருக்கும் அனுமதி இல்லை.

நாங்கள் கெட்டவர்கள் இல்லை. மூன்று வருடம் ஒழுங்காக நடத்தினோம், எங்கள் பழைய கணக்கில் ஒரு கரும்புள்ளி கிடையாது. ஆனால் நாங்கள் கொடுத்த வாக்கு எங்களுக்கு அப்புறம் வந்தவர்களைக் கட்டுப்படுத்தும்படி எங்கேயும் எழுதப்படவில்லை. காசு கொடுத்தவர்களும் அதைக் கேட்கவில்லை. எங்களைப் பற்றித்தான் விசாரித்தார்கள், நல்லவர்களா என்று.

அம்மாவின் கேள்விக்கு இப்போது நான் இன்னும் சில கேள்விகளைச் சேர்ப்பேன். முன்பு ஒழுங்காகக் கொடுத்தானா என்பது சரி. கொடுக்காமல் போனபோது என்ன செய்தான்? அவன் வாக்கை எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதி வைத்திருக்கிறானா? கடை கைமாறினால் அந்த வாக்கு யாரைக் கட்டும்? என் காசில் எவ்வளவு இப்போதே அவன் கையில் இருக்க வேண்டும்?

அன்று சாயங்காலம் அக்கா பையனைக் கூப்பிட்டு, வருஷத்துக்குச் சேர்த்துக் கட்ட மாட்டேன், மாசாமாசம் கட்டுகிறேன் என்றேன். முகம் சுண்டிப்போனது. "அவங்கதான் எல்லாத்துக்கும் ஓட்டு கேக்கறாங்களே மாமா, அப்புறம் என்ன?"

"கேக்கற வரைக்கும் கட்டலாம்" என்றேன்.

உரித்த மல்லாட்டையை முறத்தில் அள்ளிக்கொண்டே அம்மா என்னைப் பார்த்தாள். "இந்த மாரி மாசாமாசம் நிறுத்திக்கலாம்னு அந்தச் சீட்டுக்காரன் சொல்லியிருந்தா நானும் நிறுத்தியிருப்பேன்டா." கொஞ்ச நேரம் கழித்து, "நிறுத்தியிருப்பேனா இன்னான்னு தெரியல" என்றாள்.

பையன் அதற்குள் என் லேப்டாப்பைத் திறந்துவிட்டான். ஸ்க்ரீனில் பழைய சதுர மரங்கள், அதே பச்சை. கப்பல் துறைமுகத்தில் நின்றது. நானும் நகர்ந்து உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தேன்.